பெஞ்சுப் பலகையில் விழுந்த பந்து

இருபது வருடங்களுக்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி ஹாக்கி டீம் ஆடுவதைப் பார்த்தேன். கோவில்பட்டிக்கு வருடத்தில் நாலைந்து தடவை வருகிறேன். கல்யாணம், கோவில் கொடை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். மைதானத்துப் பக்கம் மட்டும் போனதே இல்லை. இந்தத் தடவை, என்னோடு ஃபுல் பேக் ஆடிய நண்பன் வண்டியில் ஏற்றி நேராக டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் மைதானத்துக்குக் கூட்டிப் போய்விட்டான்.

தண்ணீர் பீய்ச்சி நனைத்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகிறது. பையன்கள் ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப்போட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே வாங்குகிறார்கள். நாங்கள் ஆடியது சரளைக் கட்டாந்தரை. எந்தக் கல்லில் பட்டுப் பந்து எகிறும் என்று தெரியாது. ஸ்டிக்கை நேராக நிறுத்தி, உடம்பைப் பின்னால் வைத்துத்தான் வாங்குவோம். எதிரணி ஃபவுல் செய்து நமக்கு ஃப்ரீ ஹிட் கிடைத்தால் பந்தை அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். 2009க்குப் பிறகு விதி மாறிவிட்டது, அடிப்பவனே எடுத்துக்கொண்டு ஓடலாம். முதலில் ஒரு பையன் அப்படி ஓடியபோது ஃபவுல் என்று கத்திவிட்டேன்.

எங்கள் டீம் 3-1 என்று தோற்றது. எதிரே ஆடியவர்கள் தினமும் டர்ஃபில் பயிற்சி எடுப்பவர்கள். நம் பையன்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் டர்ஃப், மற்ற நாளெல்லாம் அதே சரளைத் தரை. லெஃப்ட் ஹாஃப் ஆடிய பையனின் ஸ்டிக்கில் கைப்பிடி கிழிந்து, சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தான். அந்த ஸ்டிக்கை வைத்துக்கொண்டுதான் கடைசி குவார்ட்டரில் பெனால்டி கார்னரை அடித்தான். பந்து தரையோடு போய்க் கோல் பலகையில் 'டம்' என்று விழுந்தது. எங்கள் கோல் போஸ்டில் பலகையே கிடையாது. உடைந்த வகுப்பறை பெஞ்சைக் கவிழ்த்து வைத்திருப்போம். சத்தம் மட்டும் இதேதான். என் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நண்பனும் பேசாமல் நின்றான்.

பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். 2022 ஆசியக் கோப்பையில் நம்ம ஊர் மாரீஸ்வரன் இந்திய அணிக்கு ஆடி வெண்கலம் வாங்கியபோது எங்கள் வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாள் அதே பேச்சுதான். 2025ல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோதும் அப்படித்தான். அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் அப்படி ஒருவன் மேலே வருவதற்கு முன்னால் இந்த மாதிரி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஆடியிருப்பான். அன்றைக்கு நாம் அங்கே நிற்க வேண்டாமா?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என் காலத்திலும் அதுதான் நடந்தது. பிளஸ் டூவில் என்னை டீமை விட்டே நிறுத்தினார்கள். போன ஞாயிறு ஆடிய கோல்கீப்பருக்கும் இதுதான் கடைசி சீசனாம், வீட்டில் சொல்லிவிட்டார்களாம். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்ப் படிக்கவைக்கும் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதை அந்த வீடுகளுக்குப் போய் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்கள். ஆடி முடித்த நாம் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பி.டி. சார் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு ரெண்டு கொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார்.

அடுத்த மேட்ச் இந்த மாதக் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணி. நான் டிக்கெட் போட்டுவிட்டேன். நம் பேட்ச் ஆட்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள். வீட்டில் முப்பத்தாறரை இன்ச் ஸ்டிக் சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள். லெஃப்ட் ஹாஃப் பையனுக்கு அந்த அளவுதான்.