நோத்தருக்குச் சம்பளம் கொடுக்காததைக் கொண்டாடாதீர்கள்

ஜெர்மன் கணிதவியலாளர் எம்மி நோத்தரின் படத்தைப் போட்டு, "சம்பளமே வாங்காமல் கற்பித்தவர், அறிவின்மேல் அவ்வளவு பற்று" என்று இலங்கை மலையகத்து ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் வாங்காமல் இல்லை, கொடுக்கவில்லை. 1907இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கலாநிதிப் பட்டம். பெண் என்பதால் பதவி கிடையாது. 1908 முதல் ஏழு வருடம் அங்கேயே சும்மா உழைத்தார். 1915இல் பெரிய கணிதவியலாளர்களான ஹில்பெர்ட்டும் கிளைனும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். அங்கே அவர் எடுத்த வகுப்புகளுக்கு அறிவிப்பு ஹில்பெர்ட் பெயரில்! பெண்ணுக்குக் கற்பிக்கும் பதவி கூடாது என்றவர்களிடம் "இது பல்கலைக்கழகம், குளியல் கூடமல்ல" என்று ஹில்பெர்ட் சண்டை பிடித்ததாகச் சொல்லப்படும் வசனத்தை எல்லோரும் ரசிக்கிறோம். சரி, அதற்குப் பிறகாவது சம்பளம் வந்ததா? 1923இல்தான், அதுவும் சொற்பம். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

இதற்கு இடையில், 1918இல், அவர் பெயரிலேயே வழங்கும் அந்தத் தேற்றம். உயர்தர வகுப்பில் சக்திக் காப்பு, உந்தக் காப்பு, கோண உந்தக் காப்பு என்று பாடமாக்கினோமே, அவை ஏன் காக்கப்படுகின்றன, அதாவது மொத்த அளவு ஏன் மாறாமல் இருக்கிறது என்று கேட்டோமா? இன்று பொருந்தும் இயற்கை விதி நாளையும் மாறாது என்ற சமச்சீரிலிருந்து சக்திக் காப்பு வருகிறது. இடம் மாறினாலும் மாறாது என்பதிலிருந்து உந்தம். (ஹட்டனில் புவியீர்ப்பு கொழும்பைவிடக் கொஞ்சம் குறைவு என்று சண்டைக்கு வராதீர்கள், பூமியையும் சேர்த்தே நகர்த்துங்கள்!) எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது என்பதிலிருந்து கோண உந்தம். இதை எழுதியவருக்குக் கோட்டிங்கன் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்புரிமை இல்லாததால், அங்கே சமர்ப்பித்தது கிளைன்.

1933இல் யூதர் என்று நாஜிகள் நீக்கினார்கள். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குப் போய், 1935இல் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தார்.

அத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்? அப்பா கணிதப் பேராசிரியர், அம்மா வசதியான வீட்டுப் பெண். எங்கள் பக்கம் அது யாருக்கு வாய்க்கும்? எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவர் பேராதனையில் கணிதம் படித்துவிட்டு, தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராக இருந்தார். மாணவர்களின் பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் காசு பஸ்ஸுக்கே காணாது. அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறார். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். கடைசியில் அந்தத் தங்கச்சி கொழும்பில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போய்விட்டார். "பொறுமை இல்லாத பிள்ளை" என்றார் ஒரு பெரியவர். நோத்தர் படத்தைப் பகிர்ந்தவரும் அவரேதான்.

பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அந்தப் பாடசாலைக்குச் சம்பளத்தோடு ஒரு கணித ஆசிரியரை எப்போது போடுவீர்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். சாதாரண தரப் பரீட்சை வருகிறது, கணித பாடவேளை இன்னும் வெறுமனேதான் போகிறது.