கச்சான் காற்றுக் காலத்தில் சிவனொளிபாதமலையா?

"யூலையில் மட்டக்களப்பில் மழையே இல்லை, சிவனொளிபாதமலைக்கும் அதுதான் நல்ல காலம், ரெண்டு பேர் ஒரே நாளில் ஏறி இறங்கலாம்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஒரே நாள் என்பது சரி. நல்லதண்ணிப் பாதையில் 5,000 படிகளுக்கு மேல் இருந்தாலும் நள்ளிரவு கடந்து தொடங்கினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். காலம்தான் பிழை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று 2,243 மீற்றர் உயரமான அந்த மலைப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டுத்தான் நம் மட்டக்களப்புக்கு வறண்ட கச்சான் காற்றாக வருகிறது. இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே படியெல்லாம் வழுக்கும், அட்டைக்கடி வேறு. பெரும்பாலும் மே மாதத்தில் வரும் வெசாக் போயாவோடு (பௌர்ணமி) யாத்திரைக் காலமும் முடிந்துவிடும். பாதை விளக்கும் தேநீர்க் கடையும் இருக்காது. இருவரில் ஒருவர் விழுந்தால் தூக்க ஆள் வராது, தம்பி. தயவுசெய்து பெப்ரவரி, மார்ச்சில் போங்கள்.