மாமாவின் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் குழம்பைத் தீர்மானிக்காதீர்கள்

தேங்காயெண்ணெய் நல்லதா கெட்டதா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் சண்டை ஓயவே ஓயாது. "எங்க மாமா எழுபது வயசு வரைக்கும் தேங்காய்ப்பால் கறிதான், ஒண்ணுமே ஆகல." இருக்கலாம். மாமாவின் கல்லீரல் உங்களுக்கு வரவில்லையே!

பொதுவாகப் பார்த்தால் நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்டராலை, ஏற்றும். தேங்காயெண்ணெயில் அது ஏறக்குறைய 90 விழுக்காடு, பாமாயிலில் பாதி. ஆனால் எவ்வளவு ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் குடல் கொலஸ்டராலை அதிகம் உறிஞ்சும், சிலருக்குக் கல்லீரலே கூடுதலாகத் தயாரிக்கும். முட்டையும் அப்படித்தான், பலருக்கு எல்டிஎல் அசையாது, சிலருக்கு நன்றாகவே ஏறும்.

நீங்கள் எந்த ரகம் என்று உங்கள் ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், அதையும் ஒழுங்காக. உணவை மாற்றுவதற்கு முன் ஒரே லேபில் ஒரு வார இடைவெளியில் இரண்டு டெஸ்ட் எடுங்கள். சாப்பாடு மாறாமலேயே எல்டிஎல் பத்து விழுக்காடு ஆடும். 4.0 mmol/L (இங்கே எல்லா எண்களும் இந்த அளவில்தான்) இருந்தது 3.7 ஆனால் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேங்காய்ப்பாலையும் நெய்யையும் நிறுத்தி, அவற்றிலிருந்த கொழுப்பின் அளவுக்கு மட்டும் கடலை எண்ணெய் ஊற்றிச் சமையுங்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்ப டெஸ்ட். காய்ச்சல் வந்திருந்தால் தள்ளிப் போடுங்கள், காய்ச்சலில் எல்டிஎல் இறங்கிக் காட்டும். கொலஸ்டரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தச் சோதனைக்காக அதை நிறுத்த வேண்டாம்.

தைப்பூச விரதம் முடிந்ததும் ரத்தம் கொடுத்துவிட்டு "சைவத்துல குறைஞ்சிடுச்சு" என்பவர்கள் உண்டு. குறைந்தது சைவத்தாலா, மூன்று கிலோ எடை இறங்கியதாலா, நாசி கண்டார் (சோறும் இறைச்சிக் கறிகளும்) கடைப்பக்கம் போகாததாலா? ஒரே சமயத்தில் மூன்றும் மாறினால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதைவிடப் பெரிய கோளாறு, நெய்யைக் குறைத்துவிட்டு இன்னொரு கரண்டி சோறும் இன்னொரு தே தாரிக்கும் (இனிப்புப் பால் தேநீர்) ஏற்றிக்கொள்வது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறும், எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்டரால் இறங்கும். நம் இந்திய உடம்புக்கு ஏற்கெனவே இருக்கிற பலவீனமே அதுதான். இதில் இன்னொரு சிக்கல்: பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்டரால் 6.2, எச்டிஎல் 1.0, ட்ரைகிளிசரைடு 3.3 என்றால், 3.3ஐ 2.2ஆல் வகுத்து 1.5, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழித்தால் எல்டிஎல் 3.7. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், 4.5ஐத் தாண்டினால் நம்பவே முடியாது. அப்போது அபோ-பி டெஸ்ட் கேளுங்கள். கெட்ட கொழுப்பைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கையையே அது சொல்லிவிடும்.

எல்டிஎல் போலவே இதய நோய் ஆபத்தைக் கூட்டும் இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ வேறு கதை. பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாவது. எண்ணெயை மாற்றி அதைக் குறைக்க முடியாது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

மருந்தில்லாமல் எல்டிஎல் 4.9க்கு மேல் நின்றால் குழம்பின் மேல் பழி போடாதீர்கள். பரம்பரைக் கொலஸ்டராலாக இருக்கலாம். பிள்ளைக்குப் போக ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. டாக்டரைப் பாருங்கள், கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள், ஒல்லியாக இருப்பவர்களையும் சேர்த்து.