மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை

இன்று மார்ச் 29, ஆண்டின் 88-ஆவது நாள். பியானோவில் 88 கட்டைகள் என்பதால் 2015 முதல் 88-ஆவது நாளைப் பியானோ நாளாகக் கொண்டாடுகிறார்கள். காலையில் இதைச் சொன்னதும் பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "கமகம் வராத வாத்தியத்துக்கு ஒரு நாள் வேறா?" என்றார். நாற்பது மார்கழிகளை மயிலாப்பூர் சபாக்களில் கழித்தவர். அவரோடு வாதாடினால் காப்பி ஆறிவிடும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவர் சொல்வது பொய்யில்லை. ஸ்வரத்தை அசைத்து வளைப்பதுதான் கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் என்ற ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது. அசைவதுதான் அதன் உயிர். பியானோவில் கட்டையை அழுத்திய பிறகு ஸ்வரத்தை வளைக்க வழியே கிடையாது. வயலினும் மேற்கிலிருந்து வந்ததுதான். ஆனால் தந்தியில் விரல் வழுக்கும் என்பதால் அதை நம் வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிக்கொண்டோம். ஆர்மோனியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1940-இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்தது. 1971-இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது.

ஆனால் புதிதாக யார் பாட வந்தாலும் பெரியப்பா முதலில் கேட்பது, "எத்தனை கட்டை?" எந்தச் சுருதியில் பாடுவது என்று கேட்கிறார். அது ஆர்மோனியத்தின் கட்டை. பியானோவிலும் அதே வரிசைதான். ஒன்றாம் கட்டை வெள்ளை, அதையடுத்த கறுப்பு ஒன்றரை, பிறகு இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு இல்லை. அதனால்தான் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று யாரும் சொல்வதில்லை. கமகம் வராது என்று ஒதுக்கிய பலகையை வைத்துத்தான் கமகம் பாடுகிறவரின் குரலை அளக்கிறோம்!

பியானோவை வீணையாக இருக்கச் சொல்வதுதான் தவறு. அது பிறந்தது வேறொரு தேவைக்கு. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் தந்தி ஒரே அளவில்தான் மீட்டப்படும். 1700 வாக்கில் பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி மீட்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்ட வைத்தார். சுத்தியல் தந்தியைத் தொட்ட உடனே பின்வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நாதம் செத்துவிடும். அந்தப் பின்வாங்கலில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், ஓங்கினால் முழங்கும்.

எனக்கு இது புரிந்தது வேப்பேரியில், ஓர் ஆங்கிலோ இந்திய ஆசிரியையின் வீட்டில். சுவரை ஒட்டி நிற்கும் பழைய பியானோ. சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும் என்று அதன் வயிற்றுக்குள் ஒரு சிறிய பல்பை எரியவிட்டிருப்பார். முதல் மாதம் முழுக்க ஒரே பாடம்: ஒரு கட்டையை அழுத்து, விரலை எடுக்காதே, ஒலி முழுவதும் அடங்கும்வரை கேள். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் பிடிபட்டது: பிறந்த கணமே தேயத் தொடங்கும் அந்த ஒலியில்தான் பியானோவின் அசைவு இருக்கிறது. இன்று கீபோர்டில் மூன்று பாடல்களை மனப்பாடம் செய்து கிரேடு தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு அந்த முதல் மாதத்தை யாரும் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். கீபோர்டைப் பழிக்கவில்லை, மூன்றாம் மாடிக்குப் பியானோவை ஏற்றிப் பார்த்தவன் நான்.

சிக்கில் குருசரண் பாட, அனில் சீனிவாசன் பியானோ வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். கமகத்தைப் பாட்டிடம் விட்டுவிட்டு, அதைச் சுற்றி இடம் உண்டாக்குகிறது பியானோ.

போன மாதம் எங்கள் வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒருவர் வந்தார். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். அரை மணி நேரம் பொறுத்தவர், "பஞ்சமம் இம்மியளவு குறைகிறதே" என்றார், 'ப' ஸ்வரத்தைச் சொல்லி. வந்தவர் திகைத்துத் திரும்பினார். வேண்டுமென்றேதான் குறைத்ததாகச் சொன்னார்: பன்னிரண்டு கட்டைகளில் எதை ஆதார சட்ஜமாக, அதாவது 'ஸ'-வாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டுமானால் ஒவ்வொரு பஞ்சமமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இத்தனை வருடங்களில் வாசிக்காத ஒருவர் அதைக் கண்டுபிடித்தது இதுவே முதல் முறை என்றார்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் சுருதி சேர்க்க வந்தவர் போகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.