மாஸ்கோ தங்கம் புல்தரையில் வென்றதல்ல
"1980 மாஸ்கோ தங்கம்தான் புல்தரையில் நாம் வென்ற கடைசிப் பதக்கம்; செயற்கைத் தரை வந்தபின் ஒன்றுமே இல்லை" என்று இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றி நண்பர் எழுதியிருப்பது தவறு. ஒலிம்பிக் ஹாக்கியில் செயற்கைத் தரை 1976 மாண்ட்ரியலிலேயே வந்துவிட்டது. அங்கே ஏழாமிடத்துக்குச் சரிந்த நாம், வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றதும் செயற்கைத் தரையில்தான் (மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற வலுவான அணிகள் அங்கு வராததும் உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை). பெங்களூரில், அல்சூரிலிருந்து அப்பாவின் சைக்கிளில் போய் ஹாக்கி பார்த்து வளர்ந்த எனக்கும், 2008 பெய்ஜிங்கிற்கு நாம் தகுதியே பெறாததும் 2012 லண்டனில் கடைசி இடத்தில் முடித்ததும் இன்னும் ஆறாத புண்தான். ஆனால் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்றும், பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்றும் வென்று பெற்ற இரு வெண்கலங்களும் அதே செயற்கைத் தரையில் கிடைத்தவையே.