கமிஷன் ஏறினால் ஏலம் எங்கே போகும்?

நாங்கள் ஏலம் விடுகிற தளத்தில், விற்ற தொகையிலிருந்து எடுக்கும் கமிஷனை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள் என்று போன வாரம் முழுக்க எங்கள் ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் என்றால், மும்பையில் பழைய தபால்தலை, நாணயம், தீப்பெட்டி லேபிள், இசைத்தட்டு என்று ஆன்லைனில் ஏலம் விட்டுப் பிழைக்கிற, அல்லது சம்பளத்துக்கு மேல் கைச்செலவுக்குத் தேற்றிக்கொள்கிற தமிழ்க் கூட்டம். மாதுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட் என்று சிதறிக் கிடக்கிறோம். "எல்லாரும் ஒரு வாரம், ஏலத்துக்குப் போட்ட லிஸ்டிங்கை எடுத்துருவோம், அப்பதான் புத்தி வரும்" என்று ஒரு அண்ணாச்சி எழுத, ஏகப்பட்ட பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் அண்ணாச்சியின் லிஸ்டிங்கே அசையாமல் இருந்தது. நான் குறை சொல்லவில்லை. வீட்டு வாடகை வேலைநிறுத்தம் செய்யாதே.

இந்த பாய்காட் வீரத்தில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. 2008-இல் அமெரிக்க ஏலத் தளமான ஈபே, லிஸ்டிங் கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, விற்ற தொகையில் எடுக்கும் பங்கை ஏற்றியது. கூடவே, வாங்குகிறவருக்கு விற்கிறவர் கெட்ட ரேட்டிங் கொடுக்கவே முடியாது என்றும் ஆக்கியது. அந்தப் பிப்ரவரியில் அமெரிக்க விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையைச் சாத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2022 ஏப்ரலில் கைவினைப் பொருள் விற்கும் தளமான எட்சி தன் 5 சதவீதக் கமிஷனை 6.5 ஆக்கியபோது ஆயிரக்கணக்கான கைவினைக் கடைகள் ஒரு வாரம் மூடிக் கிடந்தன. அப்போதும் ஏற்றியது ஏற்றியதுதான், எட்சி இறங்கி வரவில்லை.

இறங்கி வந்த கதையும் ஒன்று உண்டு. 2011 அக்டோபரில் சீனாவில், அலிபாபா நிறுவனத்தின் ஆன்லைன் சந்தையான தாவோபாவ் மால், ஆண்டுக் கட்டணத்தை 6,000 யுவானிலிருந்து 30,000, 60,000 என்று தூக்கியது. சிறு வியாபாரிகள் கும்பலாகச் சேர்ந்து பெரிய கடைகளில் சரமாரியாக ஆர்டர் போட்டார்கள், மட்டமான ரேட்டிங் கொடுத்தார்கள், சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அலிபாபா பழைய கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்துச் சமாளித்தது. பலித்தது என்னவோ உண்மை, ஆனால் அடி விழுந்தது கட்டணம் போட்டவன் முதுகில் அல்ல, பக்கத்துக் கடைக்காரன் முதுகில். அப்படி ஜெயிப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது யாஹூவின் கதை. அமெரிக்காவில் யாஹூ ஏலம் முதலில் இலவசமாக இருந்தது. 2001 ஜனவரியில் லிஸ்டிங்குக்குக் காசு என்றார்கள். சரக்கில் பெரும்பகுதி சத்தமில்லாமல் காணாமல் போனது. 2005-இல் மறுபடி இலவசம் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் திரும்பவில்லை, 2007-இல் மூடிவிட்டார்கள். ஈபே ஏற்றினால் திட்டிக்கொண்டே அங்கேயே இருந்தவர்கள், யாஹூ ஏற்றியதும் ஓடியது ஏன்? வாங்குகிற ஆள் ஈபேயில் இருந்தான், அவ்வளவுதான். கடைக்கு ஒரு ஆள் வந்தால் வியாபாரம் முடிந்துவிடும். ஏலத்துக்கு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்க இரண்டு பேராவது வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் நாம் கமிஷன் கட்டுகிறோம். இது புரியாமல் "இவனுங்களுக்கு என்ன செலவு, ஒரு வெப்சைட்தானே" என்று எழுதுவது வெட்டிப் பேச்சு.

அதற்காகக் கட்டணம் வலிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஜுமா பஜார் கூடும். அங்கே கட்டாகக் கிடைக்கிற பழைய சிவகாசி தீப்பெட்டி லேபிளில் ஒன்று ஏலத்தில் 200 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 10 சதவீதம் என்றால் 20. அந்த 20-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 3 ரூபாய் 60 காசு. ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம் இருந்தால் அது தனி. அட்டை, பிளாஸ்டிக் உறை, ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலையும் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டதால் அந்த மலிவு வழியும் இல்லை. 200-க்கு விற்றால் வலிக்கிறது, 60-க்கு முடிந்தால் கையைக் கடிக்கிறது. அப்புறம் ஒரு விஷயம், தளம் விற்ற பணத்திலிருந்து முன்கூட்டியே டிடிஎஸ் (வருமான வரி) பிடிக்கிறான் டிசிஎஸ் (ஜிஎஸ்டி) பிடிக்கிறான் என்று அதையும் சேர்த்துத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். 2024-இல் டிசிஎஸ் 0.5 சதவீதமாகவும் டிடிஎஸ் 0.1 சதவீதமாகவும் குறைந்துவிட்டது. அதை வரிக்கணக்கில் காட்டி எடுத்துக்கொள்ளலாம். கமிஷன் போனால் போனதுதான்.

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு காலத்தில் ஈபேயில் ஷிப்பிங்குக்குக் கமிஷன் கிடையாது என்பதால் சரக்கு 1 டாலர், ஷிப்பிங் 20 டாலர் என்று போட்டவர்கள் உண்டு. 2011-இல் ஷிப்பிங்குக்கும் சேர்த்தே கமிஷன் என்று ஆக்கிவிட்டார்கள். நியாயமாக ஷிப்பிங் போட்டவனும் சேர்ந்து அனுபவித்தான். இன்று அமெரிக்காவில் வாங்குகிறவர் கட்டும் விற்பனை வரியையும் சேர்த்த மொத்தத் தொகைக்குத்தான் அந்தச் சதவீதம் கணக்காகிறது. வரிக்கும் கமிஷன்! அந்தச் சதவீதமும் பெரும்பாலான பொருட்களுக்கு 2025 பிப்ரவரியில் 13.25-லிருந்து 13.6 ஆனது.

சரி, ஆட்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஒரு ரூபாயில் ஆரம்பிக்கிற ஏலத்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமே இதில்தான். ஒரு ரூபாயில் போட்டால்தான் சும்மா பார்க்க வருகிறவனும் ஒரு பிட் (விலைக் கேட்பு) போடுவான், போட்டதும் அது தன்னுடைய பொருள் மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடும், கடைசி ஐந்து நிமிடத்தில் விட மனசு வராமல் ஏற்றுவான். ஆனால் யாருமே வராத ஏலம் 15 ரூபாயில் முடிந்தால் அந்த நஷ்டம் முழுக்க விற்கிறவன் தலையில். கமிஷன் ஏற ஏற அந்தத் துணிச்சல் குறைகிறது. 500 எதிர்பார்த்தால் 500-லேயே ஆரம்பிக்கிறார்கள். அது ஏலமா, கடிகாரம் மாட்டிய கடை. வாங்குகிறவனும் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுகிறான். வருமானம் குறைகிறதே என்று தளம் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறது.

நல்ல சரக்கு இன்னொரு பக்கம் வாட்ஸப் குழுக்களுக்குப் போய்விட்டது. இதே மும்பையில் 2000-இல் ஆரம்பித்த பாஸி (Baazee) என்ற ஏலத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. நம்மில் பலர் முதல் ஏலம் விட்டது அங்கேதான். 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா மூடப்பட்டதும் உள்ளூர் வியாபாரத்தின் ஒரு பகுதி நேராகக் குழுக்களில் போய் இறங்கியது. ஞாயிறு ராத்திரி படம் விழும், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று, கீழே ஆரம்ப விலை, பிட்டுக்கு 20 ஏற்றம், பத்து மணிக்கு முடிவு. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் இரண்டு நிமிடம் நீளும். ஜெயித்தவர் ஜிபே பண்ணினால் திங்கட்கிழமை பார்சல். கமிஷன் பூஜ்ஜியம் என்று எல்லாருக்கும் ஏக சந்தோஷம். படத்தில் ஒரு நாணயம், பார்சலில் வேறொரு நாணயம் வந்தால் யாரிடம் போய் நிற்பது என்று மட்டும் கேட்கக் கூடாது. விற்கிறவரின் மச்சானே இன்னொரு நம்பரிலிருந்து விலையை ஏற்றுகிறார் என்பது குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. வெளியூர்ப் புது ஆள் அந்தக் குழுவைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதே இருபது முகம், அதே இருபது பாக்கெட். விலை எங்கிருந்து ஏறும்?

எங்கே போனாலும் யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். 2024 அக்டோபரில் பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்குக் கட்டணமே இல்லை என்று ஈபே அறிவித்தபோது நம் ஆட்கள் அதை ஆசை ஆசையாக ஷேர் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே தனிநபர் விற்பனையில் வாங்குகிறவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்க ஆரம்பித்ததை யாரும் ஷேர் செய்யவில்லை. பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குகிறவரிடம் ஏல விலைக்கு மேல் பிரீமியம் என்று காலங்காலமாக வாங்குவதும் இதேதான்.

நான் இப்போதைக்குச் செய்வது, நாலு ஊர் ஆள் போட்டி போடக்கூடிய சரக்கைத் தளத்திலேயே குறைந்த விலையில் ஆரம்பிக்கிறேன், கமிஷனைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறேன். சில்லறை லேபிள்களைத் தனித்தனியாகப் போடாமல் ஐம்பது ஐம்பதாகக் கட்டி குழுவில் தள்ளுகிறேன். தளத்தில் ஜெயித்தவரின் பார்சலுக்குள் "அடுத்த முறை நேரா போன் பண்ணுங்க" என்று விசிட்டிங் கார்டு வைக்கச் சொல்லி ஒரு நண்பர் அடிக்கடி சொல்வார். விதிப்படி அது கூடாது, மாட்டினால் அக்கவுண்டே போய்விடும், அதையும் தாண்டி எனக்கு அது ஒட்டவில்லை. அந்த ஆளைக் கூட்டி வந்தது தளம்தானே.

இதற்கிடையில் எங்கள் குழுவில் ஒரு அறிவிப்பு. படம் போடுவது, நேரம் பார்ப்பது, பணம் வராதவரை விரட்டுவது என்று அட்மினுக்கு வேலை கூடிவிட்டதாம், அடுத்த மாதத்திலிருந்து விற்ற தொகையில் 5 சதவீதம் தரவேண்டுமாம். நியாயம்தான் என்று நான் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர் வெளியேறி, பெயரிலேயே "நோ கமிஷன்" என்று வைத்து ஒரு புதுக் குழுவைத் திறந்து எனக்கும் லிங்க் அனுப்பிவிட்டார்கள்.