வசூல் கணக்கை வைத்து ஸ்டூடியோவை எடை போடாதீர்கள்

ஒரு பெரிய ஹாலிவுட் படம் வந்த மறுவாரமே இங்கே ஒரு கணக்கு சுற்றத் தொடங்கும். பட்ஜெட் 200 மில்லியன் டாலர், உலக வசூல் 400 மில்லியன் டாலர், ஆக லாபம் 200 மில்லியன், படம் சூப்பர் ஹிட். இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பிக்கொண்டு, "இவ்வளவு சம்பாதிக்கிற ஸ்டூடியோக்கள் ஏன் எந்நேரமும் அழுகின்றன, ஏன் நாலாம் பாகம் ஏழாம் பாகம் என்றே எடுத்துத் தள்ளுகின்றன" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இருந்தால் படியுங்கள்.

மேலே சொன்ன படம் திரையரங்கு வசூலை மட்டும் வைத்துப் பார்த்தால் நஷ்டம். டிக்கெட் விற்ற பணத்தில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்காரருக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஸ்டூடியோவின் பங்கு பாதியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். வெளிநாடுகளில் இன்னும் குறையும். சீனாவில் பங்கு முறையில் அனுமதி பெறும் வெளிநாட்டுப் படங்களுக்குக் கிடைப்பது 25 சதவீதம். எல்லாம் போக, 400 மில்லியனில் ஸ்டூடியோ கைக்கு 200 மில்லியன் வந்தாலே பெரிய விஷயம். அதற்குப் பிறகு விளம்பரச் செலவு இருக்கிறது. "பட்ஜெட்" என்று நாம் படிக்கும் தொகையில் அது சேராது. ஸ்டூடியோக்களின் சங்கம் சராசரிச் செலவைக் கடைசியாக 2007ஆம் ஆண்டுக்கு வெளியிட்டது: ஒரு படத்தைத் தயாரிக்க 70.8 மில்லியன் டாலர், விளம்பரத்துக்கும் வெளியீட்டுக்கும் 35.9 மில்லியன் டாலர். அதாவது படத்துக்குச் செலவழித்ததில் பாதியை, படம் வருகிறது என்று ஊருக்குச் சொல்வதற்கே செலவழித்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்தச் சராசரியை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். கணக்கு பார்க்க அழகாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களா என்ன?

அப்படியானால் இத்தனை காலம் இவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப விற்றுத்தான். முதலில் திரையரங்கு. பிறகு விமானம், ஹோட்டல். அப்புறம் வீடியோ, கட்டணத் தொலைக்காட்சி, இலவசத் தொலைக்காட்சி. கடைசியில் பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு நாட்டின் சேனல் நூறு படங்களை மொத்தமாக வாங்கும்போது அதில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு விற்பனைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் தொழிலின் உயிர்நாடி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டூடியோக்களின் இன்றைய சிக்கலுக்குக் கதைப் பஞ்சம் காரணம் இல்லை, ரசிகனின் ரசனை கெட்டதும் காரணம் இல்லை. இந்த விற்பனைச் சங்கிலியைத் தங்கள் கையாலேயே அறுத்துக்கொண்டார்கள்.

ஸ்டூடியோ என்றதும் பெரிய வாசற்கதவு, உள்ளே வரிசையாகப் படப்பிடிப்புத் தளங்கள் என்றுதான் மனதில் வருகிறது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் என எல்லோரும் ஒப்பந்தத்தில் கட்டுண்ட மாதச் சம்பளக்காரர்கள். படத்தை எடுப்பவர், விநியோகிப்பவர், திரையரங்கு முதலாளி மூவரும் ஒருவரே. சொந்தத் திரையரங்கு இல்லாத ஊர்களில், நல்ல படம் ஒன்று வேண்டுமென்றால் கூடவே நாலு சுமாரான படங்களையும் எடுத்துக்கொள் என்று தலையில் கட்டுவார்கள். 1944இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸை எதிர்த்து வழக்காடி வென்றார். ஏழு வருட ஒப்பந்தத்தை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்றானது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் முதலான ஸ்டூடியோக்கள் மீதான வழக்கில் இன்னும் பெரிய வெட்டு வெட்டியது. ஸ்டூடியோக்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் தனித்தனிச் சூதாட்டம்தான்.

இன்று ஸ்டூடியோ என்பது பணம் போடுகிற, விநியோகம் செய்கிற, உரிமைகளைப் பூட்டி வைக்கிற ஒரு நிறுவனம். ஒரு படத்துக்கென்று தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்வார்கள், அந்தப் படத்துக்கு மட்டும் ஆட்களை எடுப்பார்கள், முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சல்ஸில்தான் நடக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஜார்ஜியா மாநிலம் செலவில் 20 சதவீதத்தை வரிச்சலுகையாகத் தருகிறது. படத்தின் முடிவில் மாநிலச் சின்னத்தைப் போட்டால் இன்னொரு 10 சதவீதம். லண்டனும் கனடாவும் இதேபோல் கையை நீட்டுகின்றன. ஹாலிவுட்டை வைத்திருக்கும் கலிஃபோர்னியாவே 2025இல் தன் ஆண்டுச் சலுகையை 330 மில்லியன் டாலரிலிருந்து 750 மில்லியனாக உயர்த்த வேண்டி வந்தது. சொந்த வீட்டுப் பிள்ளையைத் தக்கவைக்கக் காசு கொடுக்கிற நிலைமை.

இப்போது வீடியோ கதைக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதைவிடப் பெரிய நகைமுரணை எந்தத் திரைக்கதையிலும் எழுத முடியாது. வீட்டில் பதிவு செய்து பார்க்கும் கருவியைச் சோனி கொண்டுவந்தபோது யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து வழக்குப் போட்டன. இது எங்களை ஒழித்துவிடும் என்று வாதாடின. 1984இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் ஸ்டூடியோக்கள் ஜெயித்திருக்கும், ஜெயித்து நாசமாகியிருக்கும். ஏனென்றால் அடுத்த இருபது வருடம் அவர்களுக்குச் சோறு போட்டது அந்த வீடியோதான். முதலில் கேசட், 1997இலிருந்து டிவிடி. குறுந்தகட்டை அச்சடிக்க ஆகும் செலவு அற்பம், விற்கும் விலையோ கொழுத்த விலை. திரையரங்கில் சுமாராகப் போன படம்கூட வீடியோவில் போட்ட காசை எடுத்துவிடும்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, ஒரு படத்துக்குப் பச்சைக்கொடி காட்டும் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அங்கே பேசமாட்டார்கள். உள்நாட்டு வெளியீட்டுத் தலைவர் ஓர் எண் சொல்வார், வெளிநாட்டுத் தலைவர் ஓர் எண், வீடியோ பிரிவு ஓர் எண், தொலைக்காட்சி விற்பனைப் பிரிவு ஓர் எண். கூட்டிப் பார்ப்பார்கள். இதே நாயகனின், இதே வகைப் படங்கள் முன்பு எவ்வளவு சம்பாதித்தன என்று ஒப்பிடுவார்கள். கூட்டுத்தொகை செலவைத் தாண்டினால் படம் உண்டு. சென்ற பதினைந்து இருபது வருடங்களில் அந்தத் தாளில் வீடியோ என்ற வரி சுருங்கிக்கொண்டே வந்தது. 30, 40 மில்லியன் டாலரில் எடுக்கும் ஒரு நீதிமன்ற நாடகம், ஒரு காதல் படம், பெரியவர்களுக்கான ஒரு குடும்பக் கதை எல்லாம் அந்த வரியை நம்பித்தான் பிழைத்திருந்தன. வரி போனதும் அவை போயின. மிச்சம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, பெயரைக் கேட்டாலே உலகம் முழுக்கத் தெரியும் 200 மில்லியன் டாலர் படம். இன்னொன்று, விழுந்தாலும் வலிக்காத அளவுக்குச் சின்னப் படம். 4.5 மில்லியன் டாலரில் எடுத்து 2017இல் 250 மில்லியனுக்கு மேல் வசூலித்த "கெட் அவுட்" இந்த இரண்டாம் வகை. ஏழாம் பாகம் ஏன் வருகிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கற்பனை வறட்சி என்று திட்டுவது சுலபம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, தன் வேலையைப் பணயம் வைத்து, முன்மாதிரியே இல்லாத ஒரு கதைக்கு எண் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் யாருக்குமே எது ஓடும் என்று தெரியாது. "ஹோம் அலோன்" படத்தை முதலில் வைத்திருந்தது வார்னர் பிரதர்ஸ். பட்ஜெட் கொஞ்சம் எகிறுகிறது என்று கைகழுவியது. ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. 1990இல் வந்த அந்தப் படம் உலகெங்கும் 470 மில்லியன் டாலருக்கு மேல் அள்ளியது. எதிர்ப்பக்கம் டிஸ்னியின் "ஜான் கார்ட்டர்". 2012 மார்ச்சில் வெளியான சில நாட்களிலேயே சுமார் 200 மில்லியன் டாலர் நஷ்டம் வரும் என்று நிறுவனமே அறிவித்தது. அடுத்த மாதம் ஸ்டூடியோ தலைவர் பதவி விலகினார். இவ்வளவுக்கும் அந்தக் கதையை வாங்கியது அவருக்கு முன்பிருந்த தலைவரின் காலத்தில். ஒரு படம் உருவாக மூன்று நான்கு வருடம் ஆகும், தலைவர்கள் அதற்குள் மாறிவிடுவார்கள். ஒருவர் விதைத்ததை இன்னொருவர் அறுக்கிறார், திட்டும் அவருக்கே.

சரி, டிவிடி தானாகச் செத்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வந்த ஓடிடியை இவர்கள் கையாண்ட விதத்துக்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை. நெட்ஃபிளிக்ஸ் நன்றாகக் காசு கொடுத்துப் பழைய படங்களை வாங்கிக்கொண்டிருந்தது. பங்குச் சந்தை நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. 2019 இறுதியில் டிஸ்னி, 2020இல் வார்னரும் யுனிவர்சலும், 2021இல் பாரமவுண்ட் என வரிசையாகச் சொந்தத் தளம் தொடங்கினார்கள். வெளியே விற்றுக் காசாக்கியிருக்க வேண்டிய படத்தைச் சொந்த அலமாரியில் சும்மா அடுக்கினார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் டிஸ்னியின் ஓடிடி பிரிவு சுமார் 4 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியது. பிறகு 2024இல் லாபத்துக்குத் திரும்பியது உண்மைதான், ஆனால் அதற்குள் ரசிகனுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்: காத்திரு, வீட்டுக்கே வரும். வார்னர் 2021ஆம் ஆண்டுப் படங்கள் அத்தனையையும் அமெரிக்காவில் திரையரங்கு வெளியீட்டு நாளன்றே தன் தளத்திலும் போடுவதாக, படம் எடுத்தவர்களில் பலருக்குச் சொல்லாமலே அறிவித்தது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கோபித்துக்கொண்டு யுனிவர்சலுக்குப் போனார். "பிளாக் விடோ" படத்தை டிஸ்னியும் இதேபோல் திரையரங்கிலும் தன் தளத்திலும் ஒரே நேரத்தில் வெளியிட்டபோது, வசூலைப் பொறுத்துத் தனக்கு வரவேண்டிய தொகை போய்விட்டது என்று அதன் நாயகி ஸ்கார்லெட் ஜொஹான்சன் வழக்குப் போட்டார். இரண்டு மாதத்தில் சமரசம் செய்துகொண்டார்கள்.

நம்பிக்கை பற்றிப் பேசினால் ஸ்டூடியோக்களுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது. நிகர லாபத்தில் பங்கு தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பார்கள், நிகர லாபம் மட்டும் வரவே வராது. விநியோகக் கட்டணம், நிர்வாகச் செலவு, வட்டி என்று ஸ்டூடியோ தனக்குத்தானே பில் போட்டுக்கொள்ளும். 900 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்த ஐந்தாம் ஹாரி பாட்டர் படம் 167 மில்லியன் நஷ்டத்தில் இருப்பதாகக் காட்டும் கணக்குத் தாள் ஒன்று வெளியே கசிந்தது நினைவிருக்கலாம். "கமிங் டு அமெரிக்கா" படத்தில் தனக்குப் பங்கு கேட்டு ஓர் எழுத்தாளர் போட்ட வழக்கில் நீதிமன்றமே பாரமவுண்டின் ஒப்பந்த முறை மனசாட்சிக்கு விரோதமானது என்றது. இதன் பலன் என்ன? பெரிய நட்சத்திரங்கள் மொத்த வசூலில் முதல் டாலரிலிருந்தே பங்கு கேட்கிறார்கள். மற்றவர்கள் முன்பணத்தை ஏற்றிக் கேட்கிறார்கள். பட்ஜெட் வீங்குகிறது. பிறகு பட்ஜெட் வீங்குகிறதே என்று இவர்களே புலம்புகிறார்கள்.

2023 வேலைநிறுத்தத்திலும் அடியில் இருந்தது இதே அவநம்பிக்கைதான். எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள். இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் வெளியே நின்றது 1960க்குப் பிறகு அப்போதுதான். தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பானால் அவர்களுக்குப் பங்கு வரும், டிவிடி விற்றால் பங்கு வரும். ஓடிடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே வெளியே தெரியாதபோது எதை வைத்துப் பங்கு கேட்பது? செயற்கை நுண்ணறிவு பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. "பேட்கேர்ல்". ஏறக்குறைய 90 மில்லியன் டாலர் செலவழித்து, படப்பிடிப்பு முடிந்து, படத்தொகுப்பில் இருந்த படம். 2022 ஆகஸ்டில் வார்னரின் புதிய நிர்வாகம் அதை வெளியிடாமலே நஷ்டக் கணக்கில் எழுதி வரியில் கழித்துக்கொள்ள முடிவு செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். இரண்டு வருடம் உழைத்த நூற்றுக்கணக்கான ஆட்களிடம், உங்கள் வேலையை உலகத்துக்குக் காட்டுவதைவிட அழிப்பதில் எங்களுக்கு லாபம் என்று சொல்கிற ஒரு தொழிலில் இனி யார் மனசோடு வேலை செய்வார்கள்? அந்த நிறுவனத்தின் மேல் மலைபோல் கடன் இருந்ததும் தெரிந்ததே. 2001இலிருந்து வார்னர் ஓர் இணையக் கம்பெனி, ஒரு தொலைபேசிக் கம்பெனி, ஒரு கேபிள் சேனல் கம்பெனி என்று மாறி மாறி இணைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இணைப்புக்கான கடன் ஸ்டூடியோவின் தலையிலும் விழுந்தது. டிஸ்னி 2019இல் 71.3 பில்லியன் டாலருக்கு ஃபாக்ஸை விழுங்கியபோதும் இப்படித்தான், திரையரங்குகளுக்கு வருடத்தில் வரும் படங்கள் குறைந்தன. படம் குறைந்தால் திரையரங்கு நலியும், திரையரங்கு நலிந்தால் அடுத்த படத்தின் எண் குறையும்.

நோலன் யுனிவர்சலில் எடுத்த "ஓப்பன்ஹைமர்" 2023 ஜூலையில் வந்தது. மூன்று மணி நேரம், பெரும்பாலும் அறைகளுக்குள் உட்கார்ந்து பேசும் படம். 100 மில்லியன் டாலர் பட்ஜெட்டில் 950 மில்லியனுக்கு மேல் வசூல். நான்கு மாதம் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். நவம்பரில் டிவிடி போன்ற வட்டாக வந்தபோது, வட்டெல்லாம் செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட காலத்தில், 4கே பதிப்பு பல கடைகளில் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோனது. ஓடிடிக்கு வந்தது அடுத்த பிப்ரவரியில்தான். பழைய சங்கிலி அப்படியே வேலை செய்தது. ஆனால் இதே யுனிவர்சல் 2020இல் திரையரங்குச் சங்கிலியான ஏஎம்சியோடு போட்ட ஒப்பந்தம், வெளியான 17 நாளில் படத்தை வீட்டு வாடகைக்கு விட வழி செய்தது. முதல் வாரம் மெதுவாகத் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி ஆள் சேரும் படங்கள்தான் அதில் அடிபடும். அவகாசம் அதிகம் தேவைப்படும் படத்துக்குக் குறைவான நாள், எப்படியும் ஓடப்போகிற படத்துக்கு நான்கு மாதம். இந்தக் கணக்கை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் யாராவது கீழே வந்து விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.